இறுகிய எழுத்தும் இளகிய வழக்கும்

ஈரமுள்ள களிமண் வனைவோன் கைக்கு இசைந்து கொடுக்கும்; சூளையில் வெந்தபின் உடையுமேயன்றி வளையாது. இளமையில் நெகிழ்ந்த குருத்தெலும்பு முதுமையில் விறைக்கின்றது. சமூக நிறுவனங்களும் இவ்வியல்பினவே என்பதை ஈழத்தமிழரின் சொத்துரிமை வரலாறு காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சு 1707இல் தொகுத்தார். தேசவழமை எனப்பட்ட அதற்குப் பிரித்தானியர் 1806இல் சட்ட வலுவளித்தனர். தன் அசையாச் சொத்தை விற்க மனைவிக்குக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்பதை 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் நிலைநிறுத்திற்று.

மட்டக்களப்பில் நிலை வேறு. அங்கு வழங்கிய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. அச்சட்டத்தைப் பிரிட்டோ நூலாக வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே புதிய கட்டளைச் சட்டமொன்று அதன் இடத்தைக் கொண்டது. சட்டம் மறைந்தது, வழக்கு மறையாது வடிவம் மாறிற்று. தாய்வழிக் குடிமுறை நீடிக்க, மருமக்களை நாடிய முதுசொம் மகளுக்குரிய சீதன வீடாயிற்று.

இவ்வழக்கு எழுத்தோடு மோதிய இடம் அரச காணியாகும். வாவிக்கு மேற்கே, செங்கலடி - பதுளை வீதியிலுள்ள கரடியனாறு போன்ற படுவான்கரை ஊர்களில் உத்தரவுப் பத்திரத்தின்மேல் காணி பெற்றோர் உளர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இத்தகைய காணிகளை ஆள்வது. உரித்தாளர் பின்னுரித்தாளரைக் குறிக்காது இறந்து, வாழ்க்கைத் துணையும் இல்லாதவிடத்து, அது மகன்மாரையே முன்வைத்தது. அவருள்ளும் மூத்தவரையே ஏற்றது. மகள்மார் அடுத்த நிலையினர். ஊர் வழக்கில் மகளுக்கென ஒதுக்கிய வளவு இவ்வாறு ஏட்டில் தமையனுடையதாகக் கூடும். பெயர் குறிக்க அவகாசமின்றிப் பலர் மாண்ட போர்க்காலத்தின்பின் இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. ஆண் பெண் வேறுபாட்டை நீக்கிய திருத்தச் சட்டம் 87 ஆண்டுகள் கழித்து, 2022இலேதான் வந்தது.

எனினும் எழுத்தை மட்டும் பழித்தல் தகாது. மட்டக்களப்புக் கோயில்களில் குடிவாரியாக வழங்கும் வரிசைகள் வாய்வழக்காய் வந்தும் இறுகி, நீதிமன்றம் வரை சென்றதுண்டு. வழக்காயினும் சட்டமாயினும், அது எவரைக் காக்க எழுந்தது என்னும் கேள்வி ஓயும்போதே விறைப்பு தொடங்குகின்றது. அக்கேள்வியே விதியில் எஞ்சிய ஈரமாகும்.