கடாரத்து வானில் ஒரு பகலிரவு

1929ஆம் ஆண்டு மே திங்கள் 9ஆம் நாள், வியாழக்கிழமை, நண்பகலையொட்டிய வேளையில் கெடா மாநிலத்தின் மீது இருள் கவிந்தது. இந்துமாக்கடலில் விழுந்த நிலவின் நிழல் வட சுமத்ராவைக் கடந்து, அலோர் ஸ்டார் நகரையும் சயாம் நாட்டுப் பட்டாணியையும் தழுவி, பிலிப்பீன் தீவுகளை நோக்கி விரைந்தது. முழு மறைப்பு மிக நெடிது நின்ற இடத்தில் அது 5 நிமிடங்களுக்குச் சற்று மேல் நீடித்தது. கெடா மக்களுக்கு வாய்த்த இலவச வானியல் காட்சிகளுள் இதனினும் பெரியது பிறிதொன்றைச் சுட்டுதல் அரிது. நுழைவுச் சீட்டு இல்லை; இருக்கை வேற்றுமை இல்லை. துரையின் பங்களாவுக்கும் தோட்டத்து லயத்திற்கும் வானம் ஒன்றாகவே இருண்டது.

அந்தச் சில நிமிடங்களுக்காகவே பிரிட்டிஷ் வானியலார் கடல் கடந்து வந்து அலோர் ஸ்டாரிலும் பட்டாணியிலும் பாசறை அமைத்தனர். அவர்கள் தேடி வந்தது இருளின் அழகையன்று. பெரும்பொருளின் அருகே செல்லும் ஒளி வளையும் என ஐன்ஸ்டைன் கணித்திருந்தார். சூரியனின் விளிம்பைத் தொட்டுவரும் விண்மீன் ஒளி 1.75 விகலை அளவு வளைய வேண்டும். ஒரு பாகையை 3,600 கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறே ஒரு விகலை. சூரியன் மறைந்திருக்கும்போது அதனருகே தோன்றும் விண்மீன்களைப் படம் பிடித்து, அதே விண்மீன்கள் இரவு வானில் நிற்கும் நிலையோடு ஒப்பிட்டால் இம்மிகச் சிறு விலகலை அளக்கலாம். 1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிப்பித் தீவிலும் எடுத்த படங்கள் இக்கணிப்பை உலகறியச் செய்தன. பத்தாண்டு கழித்து அதை மீண்டும் சோதிக்கும் வாய்ப்பு கெடாவுக்குக் கிட்டியது. ஆயினும் மேகம் இடையூறு செய்தது. அந்த ஆண்டின் அளவீடு சுமத்ராவின் தாக்கெங்கோனில் முகாமிட்ட ஜெர்மானியக் குழுவினிடமிருந்தே வந்தது. அக்குழுவின் தலைவர் ஃபிராய்ண்ட்லிஷ் கண்ட அளவு 2.24 விகலை, கணிப்பினும் மிகுதியானது. அறிஞரிடையே அது நெடுநாள் விவாதத்திற்கு உரியதாயிற்று.

இவையெல்லாம் ஏடுகளில் உள்ளன. ஏட்டில் ஏறாதது, அதே நிழலின் கீழிருந்த தமிழ்த் தொழிலாளரின் கதை.

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டனின் மேலாட்சிக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1929இல் அங்கெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. அத்தோட்டங்களில் சூரியன் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ மறைந்திருக்கும். பால்மரம் சீவுதல் விடியற்காலைத் தொழில். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறைந்துவிடும் ஆதலின், விடிவெள்ளி மறையுமுன்பே பெரட்டுக் களத்தில் நிற்பர். நண்பகலுக்குள் மங்குகளிலிருந்து பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்துவிடுவர். எனவே கிரகணம் தொடங்கிய வேளையில் பலர் மரநிழலிலோ லயத்து வாசலிலோ இருந்திருத்தல் கூடும்.

ரப்பர்த் தோட்டம் ஒரு சிறந்த வானாய்வுக் கூடம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கெடாவில் ஆண்டின் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையுதிர்த்து, மே மாதத்திற்குள் புதுத்தழை போர்த்து நிற்கும். நெருங்கிய இலைகளின் இடையே விழும் ஒவ்வொரு சிறு வெளிச்சப் புள்ளியும் உண்மையில் சூரியனின் உருவமே. சூரியன் வட்டமாய் இருக்கும்போது புள்ளியும் வட்டம். சூரியன் பிறையாகும்போது புள்ளியும் பிறை. கிரகண வேளையில் மரத்தடியில் ஆயிரம் பிறைகள் உதிர்ந்து கிடக்கும். சமையலறைச் சல்லடையை வெயிலில் பிடித்தாலும் இதே காட்சி கிட்டும். கண்ணுக்குத் தீங்கில்லாத, காசு செலவில்லாத கருவி இது. மேலே நோக்க வேண்டியதே இல்லை. தரையை நோக்கினால் போதும்.

ஆனால் தரையை நோக்குமாறு தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். தமிழ் வீடுகளின் வழக்கம் வேறு. கிரகணத்தின்போது கருவுற்ற பெண்ணை வெளியே விடமாட்டார்கள். உணவில் தருப்பைப் புல் இடுவார்கள். தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்துவார்கள். இவற்றை எள்ளி நகையாடுதல் எளிது. சூரியனைத் திடீரென இழக்கும் மனிதர், தம் வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு அச்சத்திற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தனர் என்று கொள்வதே முறை. வியப்பு யாதெனின், ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்க வந்தோரின் பாசறைக்கும் உலக்கை நிறுத்திய லயத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஐம்பது அறுபது கல்லுக்கு மேல் இல்லை என்பதே. அவ்விடைவெளியைக் கடக்கத் தக்க மொழி அன்று பாசறையில் இல்லை.

இதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் அத்தகைய ஒருவர் இருந்தார். சென்னை வானாய்வகத்தில் போக்சனின் கீழ் முதல் உதவியாளராய்ப் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியவட்டத்தைக் குறுக்கே கடக்கவிருந்தது. அதனை விளக்கும் நூலை அவர் ஆங்கிலத்தோடு நில்லாமல் இந்திய மொழிகளிலும் கொண்டுவர முனைந்தார். பொதுமக்களும் அறிய வேண்டும் என்பதே நோக்கம். பஞ்சாங்கத்தையும் நேரிற்கண்ட அளவுகளால் திருத்தியமைத்தார். பழமையைத் தூக்கி எறியாது, அதன் கணக்கைச் சரிசெய்ய முற்பட்ட அந்த நயம் ஆசிரியர்கள் கருதத்தக்கது.

அவ்வழி உடனே பெருவழியாகிவிடவில்லை. 1980 பிப்ரவரி 16ஆம் நாள் இந்தியாவில் முழுக்கிரகணம் நிகழ்ந்தபோது நகரத் தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டிற்குள் இருத்தத் தொலைக்காட்சியில் திரைப்படம் காட்டினர்! அதே 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகச் சென்று விளக்கின. 1995 அக்டோபர் 24ஆம் நாள் கிரகணத்தை மக்கள் கூட்டங்கூட்டமாய் வெளியே வந்து கண்டனர். பதினைந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் அது.

மேலை நாட்டில் இத்தொண்டைத் தெருவிற்கே கொணர்ந்தவர் ஜான் டாப்சன். வேதாந்தத் துறவியாய் இருபத்து மூன்று ஆண்டுகள் மடத்தில் வாழ்ந்தவர். அட்டைக் குழாயையும் தாமே தேய்த்த ஆடியையும் கொண்டு தொலைநோக்கி செய்து, நடைபாதையில் நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் நிலவைக் காண அழைத்தார். 1968இல் அவருடைய குழு உருவாயிற்று. மடத்தை விட்டு நீங்க நேர்ந்ததற்கும் இத்தொலைநோக்கி ஆர்வமே காரணம் என்பர்.

மலேசியாவில் இன்று வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரில் தேசியக் கோளரங்கம் 1994 முதல் உள்ளது. லங்காவித் தீவின் புக்கிட் மாலுட்டில் தேசிய வானாய்வகம் உள்ளது. அலோர் ஸ்டார் கோபுரத்திலும் கோல மூடாவின் பூலாவ் சாயாக் கடற்கரையிலும் ரமலான் பிறையைக் காணும் பணி நடைபெறுகிறது. மலாய் உழவர் நடவுக் காலமறியப் பார்த்த ‘பிந்தாங் கெத்திகா’ என்பதும் தமிழரின் கார்த்திகை மீன் கூட்டமே. கிருத்திகை என்னும் சொல்லே இரு மொழிகளிலும் வாழ்கிறது. ஆனால் பாடாங் செராயிலிருந்து ஒரு குடும்பம் லங்காவியைக் காண வேண்டுமாயின் படகுத்துறைக்குச் செல்ல வேண்டும், படகேற வேண்டும், இரவு தங்கவும் வேண்டும். பிள்ளைகள் நால்வர் எனின் இலவசக் காட்சியும் ஒரு மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

2019 டிசம்பர் 26ஆம் நாள் வளையக் கிரகணத்தின் பாதை திண்டுக்கல், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று தமிழர் வாழும் நிலங்களைக் கோத்துச் சென்றது. கெடாவில் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. ஆண்டிறுதி விடுமுறையாதலின் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன.

அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21ஆம் நாள், புதன்கிழமை. அதன் பாதை தென் தமிழகத்தையும் வட இலங்கையையும் கடந்து மலேசியாவுக்கு வருகிறது. கெடாவில் அது பிற்பகலில் தெரியும். அந்த மே மாதத்தில் பால்மரங்கள் புதுத்தழையோடு நிற்கும்.