பம்பு இறைக்க மறுப்பது ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பிற்கு அருகே பிளவக்கல் அணைகள் இருக்கின்றன. 1970களில் கட்டப்பட்ட பெரியாறு அணை, கோவிலாறு அணை ஆகிய இரண்டையும் சேர்த்தே பிளவக்கல் என்கிறோம். (இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு.) இங்குள்ள பெரியாறு அணையின் முழு நீர்மட்டம் ஏறத்தாழ 47 அடி. கடுங்கோடையில் அடியில் மட்டும் சிறிது நீர் கிடப்பதாகக் கொள்வோம். கரையின் உச்சியில் ஒரு பம்பை நிறுத்தி, உறிஞ்சு குழாயைக் கீழே நீருக்குள் விட்டு, மோட்டாரை ஓட்டுகிறீர்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரா, ஐம்பது குதிரைத்திறனா என்பது உங்கள் விருப்பம். எதைப் பூட்டினாலும் ஒரு சொட்டு நீரும் மேலே வராது.

மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். அதில் பழுதொன்றும் இல்லை. 350 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவின் அறிஞர்களைத் திகைக்க வைத்த வினா இது. அதற்கு விடை தெரியாமல் எத்தனையோ கிணற்று மேடுகளில் பம்புகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

1638ஆம் ஆண்டு கலிலியோ, இரு புதிய அறிவியல்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உரையாடல் வடிவில் அமைந்த அந்நூலில் வரும் ஒருவர் தாம் கண்ட பம்பு ஒன்றைப் பற்றிக் கூறுகிறார். தொட்டியில் நீர் உயர்ந்திருந்தபோது அது நன்றாக இறைத்தது. நீர் ஓர் அளவிற்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டது. பம்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரை அழைத்தார். வந்தவரோ, குறை பம்பில் இல்லை, நீர் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது, பதினெட்டு முழத்துக்கு மேல் எந்தப் பம்பாலும் நீரை உறிஞ்ச முடியாது என்று கையை விரித்துவிட்டார். அந்நாட்டு முழத்தில் பதினெட்டு என்பது நம் கணக்கில் பத்து மீட்டருக்குச் சற்று மேல்.

பழுது பார்த்தவர் சொன்னது முற்றிலும் சரி. காரணம் சொல்லப் புகுந்த கலிலியோதான் தவறினார். நீளமான கயிறு தன் எடை தாங்காமல் அறுந்துபோவதைப் போல, நீர்த்தூணும் தன் எடையால் அறுந்துவிடுகிறது என்று அவர் எழுதினார். பட்டறைக்காரரின் பட்டறிவு பேராசிரியரின் விளக்கத்தை வென்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

கலிலியோவின் இறுதி நாட்களில் உடனிருந்தவர் டாரிசெல்லி. நீருக்குப் பதிலாக, அதைவிட 13.6 மடங்கு அடர்த்தியுள்ள பாதரசத்தைக் கொண்டு இதைச் சோதிக்கலாம் என்பது அவருடைய கருத்து. 1643இல் அவருடைய நண்பர் விவியானி ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தினார். பாதரசம் இறங்கி, 76 செ.மீ. உயரத்தில் நின்றது. 76ஐ 13.6ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,034 செ.மீ. வரும். அதாவது, பத்து மீட்டருக்குச் சற்று மேல்! பழுது பார்ப்பவரின் பதினெட்டு முழக் கணக்கு இங்கே திரும்பி வருகிறது.

பாதரசத்தை மேலிருந்து எதுவும் இழுக்கவில்லை; கிண்ணத்தின் மேல் அமர்ந்திருக்கும் காற்றுக்கடல் அதைக் கீழிருந்து தள்ளி நிறுத்துகிறது என்று டாரிசெல்லி விளக்கினார். அது உண்மையானால், மலைமேல் ஏற ஏறக் காற்றின் எடை குறைந்து பாதரசமும் தாழ வேண்டும் அல்லவா? 1648 செப்டம்பர் 19 அன்று, பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சிலுள்ள புய் தெ தோம் மலைமீது பாரமானியைச் சுமந்து சென்றார். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறியதும் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

ஆகவே, பம்பு நீரை இழுக்கிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு. இளநீரைக் குழல் வைத்துக் குடிக்கும்போது நீங்கள் செய்வது, வாயினுள் காற்றழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. இளநீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. பம்பும் அவ்வாறே வழியை மட்டும் திறந்து விடுகிறது. நீரை ஏற்றும் வேலையைக் கிணற்று நீரின் மேலுள்ள காற்று செய்கிறது. அந்தக் காற்று ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவுக்கே அழுத்துகிறது. நாம் எத்தனை குதிரைத்திறனைச் சேர்த்தாலும் அது கூடாது. பம்பைத் தாண்டியபின் கதை வேறு. அங்கே மோட்டார் தன் வலிமையால் நீரை மாடிக்கும் தள்ளும், மலைக்கும் தள்ளும்.

நடைமுறையில் பத்து மீட்டரும் கிடைப்பதில்லை. ஏழு மீட்டர் கிடைத்தாலே நல்ல பம்பு. குழாயின் உராய்வில் சிறிது போகிறது. வளைவுகளில் சிறிது போகிறது. மீதியைத் தின்பது நீராவி.

வெந்நீர் செய்யும் குறும்பு

நீருக்குமேல் வெற்றிடத்தை உண்டாக்கினால் அது வெற்றிடமாக நீடிப்பதில்லை. நீர் ஆவியாகி அதை நிரப்பி, ஓர் எதிரழுத்தம் தருகிறது. கிணற்றின் குளிர்ந்த நீரில் இது அற்பமானது. ஆனால் 60 டிகிரி வெந்நீரில், கணக்கின்படி உறிஞ்சக்கூடிய உயரம் எட்டரை மீட்டருக்குக் குறைந்துவிடும். 80 டிகிரியில் ஐந்தரை மீட்டர்தான். கொதிநீரை ஓர் அங்குலம்கூட உறிஞ்ச முடியாது. குழாயில் ஆவிதான் ஏறும். அத்தகைய பம்பினுள் ஆவிக்குமிழ்கள் தோன்றி உடைவதால் ஜல்லிக்கற்களை அரைப்பது போன்ற ஒலி கேட்கும். நாளடைவில் உட்சக்கரமும் அரிக்கப்பட்டுவிடும்.

நீராவி எஞ்சின் காலத்து ஓட்டுநர்கள் இதை நன்கறிவார்கள். கொதிகலனுக்குள் நீரைச் செலுத்த, 1858இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜிபார் உருவாக்கிய இன்ஜெக்டர் என்னும் கருவி உலகெங்கும் இரயில் எஞ்சின்களில் பொருத்தப்பட்டது. நீராவித் தாரை நீரை வாரிக்கொண்டு செல்லும் கருவி அது. தொட்டி நீர் சூடாகிவிட்டால் அது நீரை எடுக்க மறுத்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாக 1927இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசிப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

இன்று இதே பிரச்சினையைச் சிறு வடிவில், படப்பிடிப்புக்கு வரும் கேரவன் வண்டிகளிலும், உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வேன்களிலும் காணலாம். அடியில் ஒரு நீர்த்தொட்டி, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு பம்பு, அதற்குப் பின் வெந்நீர்க் கலன், பிறகு குழாய்கள். இந்த வரிசை தற்செயலானதன்று. வெந்நீர்க் கலனைப் பம்பிற்கு முன்னால் வைத்தால் பம்பு வெந்நீரை உறிஞ்ச வேண்டிவரும். பின்னால் வைத்தால் தண்ணீரை உறிஞ்சி வெந்நீரைத் தள்ளினால் போதும்.

அத்தகைய வண்டியில் குழாய் காற்றும் நீருமாகத் துப்பினால், முதலில் தொட்டியைப் பாருங்கள். அடுத்துத் தொட்டிக்கும் பம்பிற்கும் இடையிலுள்ள இணைப்புகளைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் நன்றாக வந்து வெந்நீர்க் குழாய் மட்டும் வராவிட்டால் பம்பின்மீது பழி போட வேண்டாம். அடைப்பு கலனின் பாதையில் இருக்கிறது. குழாய்கள் யாவும் மூடியிருக்கும்போதும் பம்பு அவ்வப்போது தானாக ஓடி நின்றால், எங்கோ நீர் கசிந்து அழுத்தம் குறைகிறது என்று பொருள். ஆனால் நீர் சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்வு சொட்டுவது பழுதன்று. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் நீர் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு விரிகிறது. பத்து லிட்டர்க் கலனில் அது 150 மில்லிலிட்டர். திரும்பிச் செல்ல வழியில்லாத அந்த நீர் வால்வின் வழியே வெளியேறத்தான் வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வால்வை அடைப்பது மிகவும் அபாயகரமானது.

மாடுகளுக்கு இல்லாத எல்லை

இனி நம் கிணறுகளுக்கு வருவோம். பம்பு வருவதற்கு முன் இப்பகுதியில் நீர் இறைத்தது கமலை. தோல்வால் பொருத்திய சாலைக் கிணற்றில் இறக்கி, வடத்தை மாடுகளில் பூட்டிச் சரிவில் ஓட்டுவார்கள். நூறு லிட்டர் கொள்ளும் சாலைப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்திற்கு ஒரு முறை தூக்கினால், கிடைக்கும் திறன் 200 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது, கால் குதிரைத்திறனை ஒட்டிய அளவு. குறைவுதான். ஆனால் கமலை நீரை உறிஞ்சுவதில்லை, தூக்குகிறது. ஆகவே அதற்கு டாரிசெல்லியின் எல்லை கிடையாது. வடம் நீளும் ஆழம்வரை அது இறைக்கும். ஐந்து குதிரைத்திறன் பம்பு கைவிட்ட கிணற்றிலும் இரண்டு மாடுகள் நீர் எடுத்திருக்கும்! இந்த வேடிக்கையை நம் இயற்பியல் பாடநூல்கள் ஏன் எடுத்துக்காட்டாகக் கொள்ளவில்லை என்று நான் வியப்பதுண்டு.

சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எண்ணெய் எஞ்சினால் ஓடும் பம்புகளைச் சென்னை மாகாணத்தின் விவசாயிகளிடையே பரப்ப முயன்றார். நீரேற்றுப் பாசனம் பற்றிய அவருடைய நூல் 1912இல் வெளிவந்தது. மின்சாரம் அதன் பிறகே வந்தது. பைக்காரா மின்நிலையம் 1932இலும் பாபநாசம் மின்நிலையம் 1944இலும் இயங்கத் தொடங்கின. இதற்கிடையே, 1937இல், கோவை பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார்கள். கோவையின் வார்ப்படப் பட்டறைகள் மோட்டாரும் பம்புமாகத் தமிழகமெங்கும் அனுப்பின. கமலைகள் ஓய்ந்தன.

பம்புகள் பெருகப் பெருக நிலத்தடி நீர் இறங்கியது. ஏழு மீட்டர் எல்லை கிணற்றுக்குக் கிணறு குறுக்கே வந்து நின்றது. விவசாயிகள் கண்ட வழி எளியது: நீர் மேலே வராவிட்டால் பம்பு கீழே போகட்டும். கிணற்றின் பக்கச் சுவரில் மேடை வெட்டியோ, குறுக்கே சட்டம் போட்டோ மோட்டாரை இறக்கினார்கள். மழைக்காலத்தில் ஊற்று திடீரென ஏறி மோட்டார் மூழ்கும். சுருள் எரிந்து காயில் கட்ட வேண்டிவரும். எண்ணெய் எஞ்சினை இவ்வாறு இறக்குவதோ உயிருக்கே கேடு. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆழமான கிணற்றில் அது தேங்கி நிற்கும். ஓடும் எஞ்சின் உள்ளே இருக்கும்போதோ, நின்ற சிறிது நேரத்திலோ எவரும் கிணற்றுக்குள் இறங்கலாகாது.

எல்லையைத் தாண்ட வேறு வழிகளும் வந்தன. 1852இல் ஜேம்ஸ் தாம்சன் (கெல்வின் பிரபுவின் அண்ணன்) உருவாக்கிய தாரைப் பம்பின் வழிவந்தது நம் ஜெட் பம்பு. மேலே வந்த நீரில் ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்பி, அதன் வேகத்தால் கிணற்று நீரைக் கிளப்புவது அது. ஆழ்துளைக் கிணறுகளில் கம்ப்ரசர் காற்றைக் கீழே செலுத்த, குமிழ் கலந்து எடை குறைந்த நீர் பொங்கி மேலே வருகிறது. இரண்டுமே மின்சாரத்தை வீணாக்குபவை. வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. நீர்மூழ்கி மோட்டாரோ நீருக்குள்ளேயே இருந்துகொண்டு தள்ளுகிறது. உறிஞ்சும் வேலையே இல்லை. அர்மேனியரான அருத்துனோவ், 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளுக்காக இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பத்து மீட்டர்த் தடை அத்துடன் ஒழிந்தது. என் கருத்தில் அதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. பழைய பம்பு நின்றுபோகும்போது, நீர் தாழ்ந்துவிட்டது என்று கிணற்றுக்காரர் உடனே அறிந்துகொள்வார். நீர்மூழ்கி அப்படி எதுவும் சொல்வதில்லை. அடிவரை இறைத்துவிட்டுத்தான் நிற்கிறது.

பிளவக்கல் நீர் திறக்கப்பட்டு வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்கள் நிரம்பும் ஆண்டுகளில், சுற்றுக் கிணறுகளில் நீர் ஏறும். கோடையில் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிய மேட்டுப் பம்பு எவரும் தொடாமலே இறைக்கத் தொடங்கும். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

எனவே உங்கள் கிணற்றுப் பம்பு ஓடியும் நீர் வராவிட்டால், ஸ்பானரை எடுக்கும் முன் கயிறு ஒன்றை எடுங்கள். நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, பம்பின் மையத்திலிருந்து நீர்மட்டம்வரை அளந்து பாருங்கள். இறைக்கத் தொடங்கியதும் மட்டம் இறங்கும் என்பதால் அதற்கும் சிறிது இடம் விடுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் வந்தால் மெக்கானிக்கை அழைத்துப் பயனில்லை. பம்பைத்தான் இறக்க வேண்டும். அதற்குள் இருந்தால், காற்று எங்கோ உள்ளே புகுகிறது. உறிஞ்சு குழாயின் இணைப்புகளையும், தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டையும் பாருங்கள். பம்பில் ஊற்றிய நீர் நிற்காமல் இறங்கினால் புட்வால்வு சரியாக மூடவில்லை. பழைய ஆட்கள் சாணியைக் கரைத்து ஊற்றியது இந்தக் கசிவை அடைக்கத்தான். மின்கம்பத்தில் வேலை நடந்தபின் நீர் குறைந்திருந்தால், மூன்று பேஸ்களில் இரண்டு இடம் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். பம்பின் உடலில் அம்புக்குறி ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். மோட்டார் நிற்கும் தறுவாயில் தண்டு எப்பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, அந்த அம்புடன் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.