தன்னந்தனியே புறப்பட்டவர்

நெடும்பயணம் என்றதும் முதலில் நம் நினைவில் எழுவது மூட்டை முடிச்சுகளே. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்வது, வழித்துணைக்கு யாரைத் தேடுவது என்னும் கேள்விகள் புறப்பாட்டுக்குப் பல நாள் முன்பே வீட்டை நிறைத்துவிடும். ஆனால், உலக வரலாற்றின் மிக நீண்ட பயணங்களுள் ஒன்றை மேற்கொண்ட ஒருவர், தாம் புறப்பட்ட நாளைப் பற்றிக் கூறுமிடத்தில் மூட்டை முடிச்சுகளைப் பட்டியலிடவில்லை. எதைக் கொண்டுசென்றார் என்பதை விடுத்து, யாரை விட்டுச்சென்றார் என்பதையே அவர் சொல்கிறார். அவர்தாம் இப்னு பதூதா.

மொரோக்கோ நாட்டின் வடமுனையில், மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் கைகோக்கும் நீரிணையின் கரையில் அமைந்துள்ளது தான்ஜியர் நகரம். அந்நகரில் காழிகள் பலரைத் தந்த ஒரு குடும்பத்தில் 1304ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிறந்தார் இப்னு பதூதா. குலத்தால் பர்பர் இனத்தின் லவாத்தா கிளையினர், மத்ஹபால் மாலிகி. மார்க்கச் சட்டக் கல்வியே அக்குடும்பத்தின் சொத்து.

ஹிஜ்ரி 725, ரஜப் மாதம் 2ஆம் நாள், அதாவது 1325 ஜூன் 14 அன்று அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்ற வேண்டும், பெருமானார் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தை ஜியாரத் செய்ய வேண்டும் என்பதே அவருடைய நிய்யத். பிறை ஆண்டுக் கணக்கில் அப்போது அவருக்கு வயது 22. பேச்சுத் துணைக்கு ஒரு தோழர் இல்லை. சேர்ந்து செல்ல ஒரு காஃபிலாவும் இல்லை. பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது தமக்கும் அவர்களுக்கும் தாங்கவொண்ணாத் துயரமாக இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

இதனை அவருக்கு முன் சென்ற மற்றொரு பயணியின் புறப்பாட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 142 ஆண்டுகளுக்கு முன்னர், 1183 பிப்ரவரியில், ஸ்பெயின் நாட்டின் கிரனாடாவிலிருந்து இப்னு ஜுபைர் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். அவர் ஆளுநரின் செயலாளராகப் பணியாற்றியவர். மருத்துவரான நண்பர் ஒருவர் உடன்வந்தார். சப்தா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டவரின் கப்பலேறி ஏறத்தாழ ஒரு மாதத்தில் அலெக்சாந்திரியாவை அடைந்தார். நாள் தவறாமல் குறிப்பெழுதினார். இரண்டாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஊர் திரும்பினார். திட்டமிட்டுச் சென்ற பயணம் அது. தான்ஜியர் இளைஞரோ தரைவழியே கிளம்பினார். அலெக்சாந்திரியாவை எட்டவே அவருக்கு ஏறத்தாழப் பத்து மாதங்கள் பிடித்தன.

வழியே ஆசான்

முறையான ஆயத்தம் இன்றிப் புறப்பட்டவருக்கு வழியே பாடம் கற்பித்தது. திலிம்சான் நகரை அடைந்தபோது, துனிஸ் சுல்தானின் தூதர் இருவர் சற்று முன்னர்தாம் அங்கிருந்து ஊர் திரும்பக் கிளம்பினர் என்று அறிந்தார். அவர்களுடன் சேர்ந்துகொள்ளுமாறு ஒருவர் அறிவுரை கூறினார். தனியே வந்தவருக்கு இது நல்வாய்ப்பு. எனினும் உடனே ஓடிவிடவில்லை, இஸ்திகாரா செய்தார், மூன்று இரவுகள் தங்கித் தம் தேவைகளை முடித்துக்கொண்டு விரைந்தார். மிலியானா என்னும் ஊரில் தூதர்களை எட்டிப் பிடித்தார்.

அது கடுங்கோடை. வெப்பம் தாளாமல் தூதர் இருவருமே நோயில் விழுந்தனர். அவர்களுள் ஒருவரான காழி வழியிலேயே காலமானார். புறப்பட்ட சில வாரங்களுக்குள் சக பயணி ஒருவரின் மரணத்தைக் கண்முன் காண நேர்ந்தது. அதன் பின் துனிஸ் வணிகர்களின் சாத்துடன் சேர்ந்து அல்ஜியர்ஸ் வழியாகப் பிஜாயா நகரை அடைந்தார்.

பிஜாயாவில் இரு நிகழ்ச்சிகள். உடன்வந்த வணிகர் ஒருவர் அங்கே இறந்துபோனார். துனிஸிலுள்ள தம் வாரிசுகளிடம் சேர்ப்பிக்குமாறு 3,000 பொன் தீனார்களை அவர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். செய்தியறிந்த நகர ஆளுநர் அந்தப் பணத்தைப் பறித்துக்கொண்டார். ஆட்சியாளரின் அநீதியை இளைஞர் நேரில் கண்டது அதுவே முதல் முறை. காழிகளின் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளையின் நெஞ்சில் அது எப்படித் தைத்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாவது, அவரையே காய்ச்சல் பற்றியது. குணமாகும்வரை தங்கிச் செல்லுமாறு மற்றத் தூதர் வற்புறுத்தினார். இவர் இணங்கவில்லை, இறப்புத்தான் விதியென்றால் ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே அது வரட்டும் என்றார். உறுதியைக் கண்ட பெரியவர் மாற்று வழி சொன்னார்: உன் வாகனப் பிராணியையும் கனத்த சாமான்களையும் விற்றுவிடு, ஏறிச்செல்லப் பிராணியும் தங்கக் கூடாரமும் நான் இரவல் தருகிறேன், வழிப்பறிக்காரர் அச்சம் உள்ளதால் சுமையின்றி விரைந்து செல்வோம் என்பதே அந்த யோசனை. இளைஞர் அவ்வாறே செய்தார். நெடும்பயணத்தின் முதற்பாடம் இவ்வாறு கிடைத்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சுமையில் பெரும்பகுதியைப் பாதி வழி கூடச் செல்லுமுன்னே இறக்கி வைக்க வேண்டியதாயிற்று!

கான்ஸ்தந்தீன் நகருக்கு வெளியே தங்கிய இரவில் கொட்டிய மழை கூடாரங்களைக் கலைத்து, அவர்களை வீடுகளுக்குள் ஒதுங்கச் செய்தது. மறுநாள் நகரின் ஆளுநர், சேறு படிந்த இவருடைய உடைகளைக் கண்டு அவற்றைத் துவைக்கச் செய்தார். கிழிந்துபோன மேற்போர்வைக்குப் பதிலாக பஅல்பக் துணியாலான ஒன்றை அனுப்பினார். அதன் முனையில் இரண்டு பொன் தீனார்கள் முடியப்பட்டிருந்தன. பயணத்தில் அவர் பெற்ற முதல் உதவி அதுவே. ஓர் ஊரில் இறந்தவரின் பணத்தைப் பறித்த ஆளுநர். மற்றோர் ஊரில் உயிரோடிருப்பவரின் போர்வையில் பணம் முடிந்து தந்த ஆளுநர். உலகம் இரண்டாலும் ஆனது என்பதைச் சில நாள் இடைவெளியில் அவர் கண்டுகொண்டார்.

அதற்குப் பின்னும் காய்ச்சல் விடவில்லை. கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். இறங்கி இளைப்பாற வழியில்லை. வழிப்பறி அச்சம் அப்படி. இந்நிலையில்தான் அவர் துனிஸ் நகருக்குள் நுழைந்தார்.

துனிஸ் வாயிலில் வடிந்த கண்ணீர்

அங்கே நிகழ்ந்தது நம் உள்ளத்தை உருக்குவது. தூதரையும், இறந்த காழியின் மகனையும் வரவேற்க ஊரார் திரண்டு வந்திருந்தனர். ஒருவருக்கொருவர் ஸலாம் கூறி நலம் விசாரித்தனர். இந்த இளைஞருக்கு ஸலாம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அவரை அறிந்தவர் எவருமில்லை. அந்தத் தனிமை தாளாமல் அவர் கண்ணீர்விட்டு அழுதுவிட்டார். காய்ச்சலுக்கு அசையாதவர், கள்வர் அச்சத்துக்குக் கலங்காதவர், ஒரு ஸலாம் கிடைக்காமைக்கு அழுதார்! இதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, ஊருக்குள் செல்லும்வரை பேச்சுக் கொடுத்து ஆறுதலளித்தார். அன்று நகரின் மத்ரஸா ஒன்றில் இவருக்குத் தங்க இடம் கிடைத்தது.

அந்த ஆண்டின் ஈதுல் ஃபித்ர்ப் பெருநாளை வீட்டாரின்றித் துனிஸிலேயே கழித்தார். பின்னர் ஹஜ் காஃபிலா கிளம்பியது. தனியே வந்து வாயிலில் அழுத அதே இளைஞரைத்தான் காஃபிலாவின் காழியாக நியமித்தார்கள்! வழிச் சச்சரவுகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. நூறு பேருக்கு மேற்பட்ட குதிரைவீரரும் வில்லாளரும் சில கட்டங்கள் வரை காவலாக வந்தனர்.

அவர் கைமூட்டையில் இல்லாத ஆயத்தம் எங்கிருந்தது என்பது இப்போது விளங்குகிறதன்றோ? அது அவர் கற்ற கல்வியில் இருந்தது. தான்ஜியரில் ஓதிய சட்டநூல்களே அவருக்குக் கடவுச்சீட்டாயின. அறிஞரிடையே அரபு மொழி மொரோக்கோவிலிருந்து தில்லிவரை செல்லுபடியாகும் நாணயமாக இருந்தது. பிற்காலத்தில் தில்லியில் முஹம்மத் பின் துக்ளக் இவரை ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் காழியாக்கியதும் அந்தக் கல்வியால்தான்.

மற்றொரு பாதி ஆயத்தத்தைச் சமுதாயம் செய்து வைத்திருந்தது. ஊர்தோறும் மத்ரஸாக்கள் இருந்தன. நம் ஊர்த் தைக்காக்களைப் போன்ற ஸாவியாக்கள் இருந்தன. முன்பின் அறியாத முஸாபிருக்கு அங்கே உணவும் படுக்கையும் உண்டு. 1326இல் அவர் திமிஷ்க் நகரில் கண்ட வக்ஃபுகளைக் கேளுங்கள். ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவர் சார்பில் பிறரை அனுப்ப ஒரு வக்ஃபு. வழிப்போக்கருக்கு உணவும் உடையும் ஊர் திரும்பச் செலவும் தர ஒரு வக்ஃபு. சீனப் பீங்கான் தட்டைக் கைதவறி உடைத்துவிட்டு, எசமானருக்கு அஞ்சி நின்ற அடிமைச் சிறுவன் ஒருவன், உடைந்த துண்டுகளைக் காட்டிப் புதிய தட்டு வாங்கப் பணம் பெற்றுச் சென்றதை இவர் நேரில் கண்டார். உடைந்த பாத்திரத்துக்கும் ஒரு வக்ஃபு! முகமறியாத மனிதனுக்காக இவ்வளவும் ஏற்பாடு செய்து வைத்த தலைமுறைகள் இருந்தமையால்தான், துணையின்றி ஓர் இளைஞர் ஊர் எல்லையைக் கடக்க முடிந்தது.

நீண்டுவிட்ட பாதை

1326 ஏப்ரலில் அலெக்சாந்திரியாவில் புர்ஹானுத்தீன் என்னும் இறைநேசரை அவர் சந்தித்தார். அப்பெரியார் இவரிடம், ஊர் சுற்றும் விருப்பம் உன்னிடம் தெரிகிறது என்று கூறி, இந்தியாவிலும் சிந்துவிலும் சீனாவிலும் இருந்த தம் சகோதரர் மூவருக்கும் ஸலாம் சொல்லி அனுப்பினார். இளைஞர் வியந்துபோனார், அந்நாடுகளைப் பற்றிய எண்ணமே அதுவரை அவருக்கு இல்லை. அந்த மூவரையும் சந்தித்து ஸலாமைச் சேர்ப்பித்ததாகப் பின்னர் அவரே கூறுகிறார்.

ஹஜ்ஜுடன் திரும்பியிருக்க வேண்டிய பயணம் அவ்வாறு நீண்டது. ஈராக், பாரசீகம், கிழக்காப்பிரிக்கா, தில்லி, மாலத்தீவு, இலங்கை என்று விரிந்தது. நம் தமிழகமும் அதில் இடம்பெற்றது. 1340களில் இலங்கையிலிருந்து வந்தவர் கப்பல் உடைந்து இக்கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தம்கானியிடம் தங்கினார். அந்தச் சுல்தானின் துணைவியார் இவருடைய மனைவியருள் ஒருவருக்கு உடன்பிறந்தவர். மதுரையில் அன்று பரவிய கொள்ளை நோயையும் அவர் பதிவு செய்துள்ளார்.

1348இல் அவர் மீண்டும் திமிஷ்க் வந்தார். முன்பு அங்கே விட்டுச்சென்ற மனைவிக்குப் பிறந்த மகனைப் பற்றி விசாரித்தார். அப்பிள்ளை இறந்து 12 ஆண்டுகளாகிவிட்டன என்றனர். தான்ஜியரைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் அந்நகரில் இருப்பதறிந்து சென்று தம் பெற்றோரைப் பற்றிக் கேட்டார். தந்தை காலமாகி 15 ஆண்டுகள். தாயார் இருக்கிறார் என்று விடை வந்தது. அந்தத் தாயைக் காணும் நாள் வரும் என்று அவர் நம்பியிருப்பார். அடுத்த ஆண்டு, தாயகத்தின் தாஸா நகரை அடைந்தபோது, பெருங்கொள்ளை நோயில் தாயாரும் மறைந்துவிட்ட செய்தி அவரை எதிர்கொண்டது.

1349 நவம்பரில், புறப்பட்டு 24 ஆண்டுகள் கழிந்தபின் ஃபாஸ் நகரை அடைந்தார். அங்கிருந்து தான்ஜியர் சென்று தாயின் கபுறை ஜியாரத் செய்தார். பின்னர் ஆட்சியாளர் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதிய பயணநூல் 1355 டிசம்பரில் நிறைவுற்றது. இன்று உலகம் போற்றும் நூல் அது.

அந்நூலின் தொடக்கத்தில் பெற்றோரைப் பிரிந்த வேதனையைச் சொன்னவர், சொல்லும்போது இருவருமே இவ்வுலகில் இல்லை என்பதை நினைவிற்கொண்டு படித்தால், அந்தச் சில வரிகளின் கனம் புரியும். சென்ற இடமெல்லாம் அவருக்கு வரவேற்பு இருந்தது. பாதை முழுவதற்கும் முன்னோர் ஆயத்தம் செய்து வைத்திருந்தனர். பெற்ற வீட்டுக்கு மட்டும் அவ்வாறு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. திமிஷ்கில் விசாரித்தறிந்த அந்தச் செய்தியைச் சில ஆண்டுகள் முன்னரே யாரிடமேனும் விசாரித்திருந்தால்?

கடல் கடந்து செல்லும் பிள்ளைகளை வழியனுப்பும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பெட்டி கட்டும்போது எடையைப் பார்க்கிறோம், கடவுச்சீட்டைச் சரிபார்க்கிறோம். ஊர் திரும்பும் நாளையும் பேசி வைப்பது அந்த ஆயத்தத்தில் ஒன்றாக இருக்கட்டும். புறப்படும் பிள்ளைக்கு நாம் செய்யும் துஆவில், அவன் சேரும் ஊரின் வாயிலில் ஸலாம் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும் என்பதோடு, அவன் திரும்பி வரும் நாளில் வாசலில் நின்று ஸலாம் சொல்ல நாமும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்போமாக.