புலுனியின் குலமுறை

யாழ்ப்பாணத்து வளவுகளிலே ஏழெட்டாய்க் கூடி இரைதேடும் புலுனியின் குலமுறை ஆய்வு, பறவைப் பாகுபாட்டின் வரலாற்றையே சுருங்கக் காட்டுவதாகும். தென்னிந்தியப் புலுனியை 1845இல் ஜேர்டன் விபரித்தார். அதற்குள்ள வெளிறிய உச்சந்தலை ஈழத்துப் புலுனிக்கு இல்லை. இதற்கு 1958இல் றிப்ளி 'தப்ரொபானஸ்' எனும் உபவினப் பெயர் சூட்டினார்.

அக்காலத்தில் அலகு, சிறகு, நிறம் முதலிய புறத்தோற்றமே உறவுக்குச் சான்று. அதனால் 'திமாலிடே' குடும்பம், வேறெங்கும் இடங்காணாத பறவைகளையும் ஏற்ற பெருந்தொகுதியாயிற்று. மரபணு ஆய்வு அதனைப் பிரித்தது. புலுனி 'லியோத்ரிகிடே' எனும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2018இல் சிபுவாவும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வோ சாதிகளையும் மாற்றியமைத்தது. ஆபிரிக்க இனங்கள் பலவற்றோடு 'தேடொயிடெஸ்' சாதியில் வைக்கப்பட்டிருந்த புலுனி, 'ஆர்கியா' சாதிக்கு மாறிற்று. சிங்கராஜ வனத்துச் சாம்பற்றலைச் சிரிப்பானும் 'கருலாக்ஸ்' சாதியை நீங்கி அதனையே அடைந்தது.

வரண்ட பனங்கூடலில் வாழ்வதும் ஈரவலயக் காட்டில் மறைவதும் இவ்வாறு ஒரே சாதியினவாயின. கண்ணுக்குப் புலனாகும் ஒப்புமை வேறு, வழிவந்த உறவு வேறு. பெயர்கள் மாறியமை அறிவியலின் தளர்ச்சியன்று. சான்றுக்குப் பணியும் அதன் நேர்மையே எனலாம்.