இரு வாயில்களும் சில சிறு தோணிகளும்

எமது புதுக்குடியிருப்பு, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் அமைந்த ஊர். 2009இல் போரினால் முற்றாகப் பெயர்க்கப்பட்டு, பின்னர் சிறிது சிறிதாகத் திரும்பிவந்து, கூரையையும் வேலியையும் மீண்டும் எழுப்பிய மக்கள் இங்கு வாழ்கின்றனர். 2020இல் நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இம்மக்களின் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. கடன்பட்டு வாங்கிய ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாவித்த வீடுகளை நாம் அறிவோம். அத்தொலைபேசி இன்றும் உடையவில்லை, திரை ஒளிர்கின்றது. ஆயினும் வேண்டிய செயலியை ஏற்ற முற்பட்டால், இச்சாதனத்திற்கு இது பொருந்தாது என்ற விடையே வருகின்றது. பண்டம் எம்முடையது, அதன் ஆயுளை வரையறுக்கும் உரிமையோ எம்மிடம் இல்லை. அவ்வுரிமை எவரிடம், எவ்வாறு சென்றது?

எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று குறிப்பிடும் மென்பொருளே தொலைபேசியின் உயிர். இன்று உலகின் திறன்பேசிகளிற் பெரும்பாலானவை இரண்டே முறைமைகளில் இயங்குகின்றன. ஒன்று கூகுளின் அன்ட்ரொயிட். மற்றையது அப்பிளின் ஐஓஎஸ். மூன்றாவது வழியொன்றை அமைக்க எவரும் முயலவில்லையா? முயன்றனர். அவர்களது வரலாறு எமது இனத்தவரின் வாழ்வையும் தொட்டுச் செல்கின்றது.

பின்லாந்தின் நொக்கியா நிறுவனம் 2006இல் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரிலே தொழிற்சாலை திறந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு தொலைபேசிகளைப் பூட்டினர். 2011 பெப்ரவரியில் நொக்கியா தன் சொந்த முறைமைகளைக் கைவிட்டு மைக்ரோசொப்டின் விண்டோஸ் முறைமையைத் தழுவியது. மீகோ என்னும் முறைமையை ஆக்கிய பொறியியலாளர் சிலர் வெளியேறி, அவ்வாண்டிலேயே யொல்லா என்ற சிறு கொம்பனியை நிறுவினர். பின்னிய மொழியில் அச்சொல் சிறு தோணியைக் குறிக்கும். அவர்களுக்கு நொக்கியாவின் உதவித்திட்டமும் துணை நின்றது. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களுக்கு அத்தகைய தோணி வாய்க்கவில்லை. 2014இல் நொக்கியாவின் தொலைபேசிப் பிரிவு மைக்ரோசொப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கிய அவ்வாலை விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. நவம்பர் 1இல் மூடப்பட்டது. ஒரே வீழ்ச்சி, இரு வேறு கரைகள்!

தோணியேறியவர்களும் அமைதியான கடலைக் காணவில்லை. யொல்லா 2013 நவம்பரில் செயில்பிஷ் முறைமையுடன் தன் முதல் தொலைபேசியை விற்றது. அடுத்த ஆண்டு கைக்கணினி ஒன்றுக்காகப் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டது; கேட்டதினும் பன்மடங்கு சேர்ந்தது. ஆயின் 2015 நவம்பரில் எதிர்பார்த்த முதலீடு வராமற்போகவே, ஊழியரிற் பெரும்பகுதியினர் தற்காலிகமாக நிறுத்தப்பட்டனர். முன்பணம் கட்டியோரிற் பெரும்பாலோர் அக்கைக்கணினியைக் கண்ணாற் காணவேயில்லை. பின்னர் ரஷ்ய மூலதனம் கைகொடுத்தது. 2022இல் உக்ரெயின் போர் மூண்டதும் அந்த உறவே சுமையாயிற்று. 2023இல் பழைய நிர்வாகிகளின் புதிய கொம்பனியொன்று அத்தொழிலை மீட்டெடுத்தது. இந்தியாவின் இன்டெக்ஸ் கொம்பனி 2016இல் 5,499 ரூபாய்க்கு ஒரு செயில்பிஷ் தொலைபேசியை விற்றதும், அதற்கு ஈராண்டு முன்னர் மொசில்லாவின் பயர்பொக்ஸ் முறைமையுடன் 1,999 ரூபாய்க்கு மற்றொன்றை விற்றதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. இரண்டும் வேரூன்றவில்லை.

இவர்களிடம் திறமை குறைந்திருந்ததா? அன்று. தடை சந்தையின் வாயிலில் இருந்தது. அன்ட்ரொயிட்டின் மூலநிரல் திறந்தது. எவரும் எடுத்து மாற்றலாம். ஆனால் செயலிக் கடையும் அதனுடன் சேர்ந்த சேவைகளும் கூகுளின் உரிமத்திற்குட்பட்டவை. அவ்வுரிமம் வேண்டிய உற்பத்தியாளர், கூகுள் ஏற்காத மாற்றுவடிவத்தில் ஒரு தொலைபேசியும் செய்யலாகாது என்ற ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட நேர்ந்தது. 2012 செப்டெம்பரில் ஏசர் நிறுவனம் அலிபாபாவின் அலியுன் முறைமையுடன் வெளியிடவிருந்த தொலைபேசி, கூகுளின் அழுத்தத்தினால் இறுதி வேளையில் நிறுத்தப்பட்டது. அலிபாபாவுக்கே இக்கதியெனில் சிறு கொம்பனிகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? செயலிகள் இல்லாத தொலைபேசியை மக்கள் வாங்கார். மக்கள் வாங்காத தொலைபேசிக்குச் செயலி செய்வார் இலர். இச்சுழலே ஏகபோகத்தின் அரண்.

ஐரோப்பிய ஆணையம் 2018இல் இத்தகைய நிபந்தனைகளுக்காக 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஒக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. தண்டம் வந்தபோது தோணிகள் பல முன்னரே அமிழ்ந்திருந்தன.

சுதேசி என்ற பெயர் மட்டும் இதற்கு மருந்தாகுமா? 2015இல் மும்பையில் எழுந்த இன்டஸ் முறைமை, இந்திய மொழிகளுக்கு முதலிடம் தந்தது. இறுதியில் அதனை வாங்கியது, அமெரிக்க வோல்மார்ட்டின் உடைமையான போன்பே. 2023இல் சென்னை ஐஐடியின் அரவணைப்பில் அறிமுகமான பாரோஸும் அன்ட்ரொயிட்டின் திறந்த நிரலின் மேல் எழுந்ததே. அம்முயற்சிகளை நாம் இகழவில்லை. கொடியின் நிறம் மாறுவதால் மட்டும் பாவிப்பவர் உடைமையாளர் ஆகிவிடார் என்பதையே கூறுகின்றோம்.

ஆயினும் இவ்வரலாற்றில் நம்பிக்கையூட்டும் ஓர் ஏடும் உண்டு. அன்ட்ரொயிட்டின் திறந்த நிரலைத் தன்னார்வலர் பலர் கூடிச் செப்பனிட்ட சயனோஜென்மொட் என்னும் முயற்சியை, 2013இல் ஒரு கொம்பனி வணிகமாக்க முனைந்தது. மூன்றே ஆண்டுகளில் அக்கொம்பனி அதனைக் கைவிட்டது. ஆனால் நிரல் அழியவில்லை. தன்னார்வலர் அதனை லினியேஜ் என்ற பெயரில் தொடர்ந்தனர். உற்பத்தியாளர் கைவிட்ட எத்தனையோ பழைய தொலைபேசிகளுக்கு அது இன்றும் புத்துயிர் அளிக்கின்றது. வங்கிச் செயலிகள் சில அதில் இயங்க மறுப்பதும் உண்மையே. வாயில் இன்னும் பிறர் கையில்தான் உள்ளது. எனினும் மூலதனம் கைவிட்ட இடத்தில் பொதுவுடைமையான உழைப்பு நிலைத்து நின்றது என்பதை எவர் மறுக்கவியலும்?

2022இல் இலங்கை ரூபா வீழ்ந்தபோது புதிய தொலைபேசியின் விலை எமது கூலி உழைப்பாளரின் எட்டாக்கனியாயிற்று. இந்நிலையில் பழையதைப் பேணும் அறிவு ஏழையின் உரிமையாகும். ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! பாடசாலைக் கணினி அறையில் பணிசெயல் முறைமையின் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்விப்பதுடன் நின்றுவிடாதீர்கள். அலுமாரியில் உறங்கும் பழைய தொலைபேசியொன்றை எடுத்துவைத்து, இதற்கு உயிரூட்ட எம்மால் இயலுமா, அதனைத் தடுப்பவர் எவர் என்று பிள்ளைகளுடன் சேர்ந்து ஆராயுங்கள். இடிந்த வீட்டின் கல்லையும் ஓட்டையும் பொறுக்கியெடுத்து மீண்டும் வீடு கட்டிய ஊர் இது. பழையதிலிருந்து புதியதை ஆக்கும் கலை எமக்கு அந்நியமானதன்று.