வீட்டிற்கு ஓர் இயந்திர ஏவலாள்



மாலையில் விளக்கேற்றுவது, இரவில் கதவடைப்பது, இன்ன நாளில் இன்ன காரியம் என்று நினைவூட்டுவது ஆகியன சிறு பணிகளே. ஆயினும், அவற்றை நாடோறும் செய்யும் ஏவலாள் அவ்வீட்டின் அந்தரங்கம் முழுவதையும் அறிந்துகொள்கின்றான். அரசன் தன் வினையாளரை ஆராய்ந்து ஏற்பதற்கெனத் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அந்த ஆராய்ச்சி ஏவலாள் இயந்திரமாகும்போதும் வேண்டியதே. வீட்டுக் கணனியின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுதான்.

அவ்வரலாறு அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலே, ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்குகின்றது. வெஸ்ற்றிங்ஹவுஸ் கம்பனியின் பொறியியலாளரான ஜேம்ஸ் சதர்லாந்து என்பவர், கழித்தொதுக்கப்பட்ட கணனி உறுப்புகளைக்கொண்டு, ஓய்வு நேரங்களில் ஒரு கணனியை அமைத்தார். 1966ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கிற்று. 'எக்கோ நான்கு' என்பது அதன் பெயர். எடையோ ஏறக்குறைய 800 இறாத்தல். ஆளுயர அலுமாரிகள் போல நின்ற அவ்வியந்திரம் குடும்பத்தின் வரவுசெலவைக் கணித்தது. கடையில் வாங்கவேண்டியவற்றைப் பட்டியலிட்டது. வீட்டின் மணிக்கூடுகளை நடத்திற்று. அது விற்பனைக்கென அமைந்ததன்று. அதற்குத் தெரிந்த செய்தி எதுவும் அந்த வீட்டைவிட்டு வெளியே போனதுமில்லை. இன்று அது கலிபோர்ணியாவிலுள்ள கணனி வரலாற்று நூதனசாலையிற் பேணப்படுகின்றது.

வணிகர்களும் இத்துறையில் முயலாமலில்லை. 1969இல் ஹனிவெல் கம்பனியின் 'சமையலறைக் கணனி' பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட விலையில் விளம்பரஞ் செய்யப்பட்டது. சமையற் குறிப்பொன்றைப் பெறுவதற்கும் இல்லத்தரசி ஆளிகளை மேலுங்கீழும் தட்டி, மினுங்கும் விளக்குகளின் குறியீட்டை வாசித்தறிய வேண்டியிருந்தது. அக்கணனி ஒன்றேனும் விற்பனையானதற்குச் சான்றில்லை. வீட்டின் தேவையை அறியாத இடத்திலே பிறந்த ஏவலாளுக்கு நேர்ந்த கதி அது. 1975இல் ஸ்கொத்லாந்தின் பிக்கோ நிறுவனம், வீட்டிலே முன்னரே ஓடும் மின்கம்பியூடாகவே கட்டளைகளை அனுப்பும் 'எக்ஸ் பத்து' முறையை வகுத்தது. புதிதாகக் கம்பி இழுக்காமலே மின்குமிழை ஏற்றவும் அணைக்கவும் அதனால் இயன்றமையின், பொழுதுபோக்காகக் கருவிகளை அமைப்போர் அதனை விரும்பி ஏற்றனர்.

இனி, குரலுக்குச் செவிசாய்க்கும் கருவிகளின் கதை. 1952இல் பெல் ஆய்வுகூடத்தின் 'ஓட்ரி' என்னும் பொறி எண்களை மாத்திரம் கேட்டறிந்தது. 1962இல் ஐ.பி.எம். காட்சிக்கு வைத்த பொறிக்குப் பதினாறு சொற்கள் விளங்கின. 2014இல் அமேசன் கம்பனி பேச்சுக்கு மறுமொழி கூறும் கருவியொன்றை வெளியிட்டது. அதன் பெயரும் 'எக்கோ' என்பதே. பெயர் ஒன்றாயினும் ஏவலாள் வேறு. வீட்டார் அதனைப் பெயர்சொல்லி அழைத்துப் பேசியது, தொலைவிலுள்ள கம்பனியின் கணனிகளுக்குச் சென்று, அங்கே பொருள் அறியப்பட்டது.

இவ்வாறு பிறர் கையிலுள்ள ஏவலாளை நம்புவதன் விளைவு 2016இல் வெளிப்பட்டது. 'றிவோல்வ்' என்னும் வீட்டுக் கருவியை ஆக்கிய நிறுவனத்தை 'நெஸ்ற்' கம்பனி 2014இல் வாங்கியிருந்தது. 2016 மே மாதத்தில் அக்கருவிக்கான சேவை நிறுத்தப்பட்டது. பழுதெதுவுமில்லாத கருவிகள், பணங்கொடுத்து வாங்கியோர் வீடுகளிலேயே, ஒரே நாளில் செயலிழந்தன.

ஆர்வலர்கள் மறுவழியைத் தேடினர். உள்ளங்கையளவான, மலிவான 'ராஸ்பெரி பை' என்னும் கணனி 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 2013இல் பௌலஸ் ஸ்கௌற்சன் என்பவர், சூரியன் மறையும் வேளையில் தம் வீட்டு விளக்குகள் தாமே எரியுமாறு ஒரு சிறு நிரலை எழுதி, அதனை யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் கொடுத்தார். 'ஹோம் அசிஸ்ரன்ற்' என்னும் அம்முயற்சி பல்லாயிரவர் கைபட்டு வளர்ந்தது. 2023ஆம் ஆண்டைக் குரலின் ஆண்டு எனவும் அறிவித்தது.

அத்தகைய ஏவலாள் வேலைசெய்யும் முறை விளங்குதற்கரியதன்று. முதலில் தன் பெயர் அழைக்கப்படுகின்றதா என ஒரு சிறு நிரல் காத்திருக்கும். அழைத்ததும், இன்னொன்று ஒலியை எழுத்தாக்கும். மூன்றாவது, அவ்வெழுத்திலிருந்து எந்த அறை, எந்த விளக்கு, என்ன செயல் எனப் பிரித்தறியும். நான்காவது, மறுமொழியைக் குரலாக்கும். இந்நான்கினையும் வீட்டுக்குள்ளேயே நடத்தலாம். 2022இல் யாவர்க்குமாக வெளியிடப்பட்ட 'விஸ்பர்' என்னும் நிரல் எழுத்தாக்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று. ஆதலின், நம் வீட்டுப் பேச்சை நம் வீட்டுக்குள்ளேயே கேட்கும் ஏவலாளை அமைத்தல் வெறுங் கனவன்று.

இதற்குப் பொறுமை வேண்டும். பழுதானால் திருத்தும் பொறுப்பும் நம்மதே. விலைக்கு வாங்கிய கருவி அளிக்கும் இலேசு இதில் இல்லை. ஆயினும் நேயர்களே, ஏவலாள் எத்துணை வல்லவன் என்று வினவுமுன், அவன் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்று வினவுதல் அறிவுடைமையாகும். பிற்ஸ்பேர்க் நிலவறையிலிருந்த அந்த 800 இறாத்தல் இயந்திரம் அறிந்தவை மிகச் சிலவே. ஆனால் அதற்கு எசமான் ஒருவனே. அவன் அவ்வீட்டிலேயே வாழ்ந்தான்.