ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான்... கல்லுக்கு? சொல்லி வெட்டி வாங்கும் நிறக்கல்லில் கவனிக்க வேண்டியவை

நெல்லை டவுன் ரத வீதியில் நகை வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது ஹால்மார்க் முத்திரையைத்தான். 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யூஐடி இருந்தால்தான் அது செல்லுபடியாகும் ஹால்மார்க். ஆனா, அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். பதித்திருக்கும் கல் எது, இயற்கையா செயற்கையா என்பதற்கு அது பொறுப்பல்ல.

ராசிக்காக இல்லாமல், நிறத்துக்காகவே உதிரிக் கல் வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கச்சாக் கல்லைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய வடிவத்தைச் சொல்லிப் பட்டை தீட்டி வாங்கும்போது, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நம்ம ஊர்ல கல் கிடைக்குமா?

தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்த கொற்கை, பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். முத்தைப் பட்டை தீட்ட வேண்டியதில்லை. நிறக்கல் அப்படி அல்ல. வெட்டினால்தான் ஒளி வரும்.

நெல்லை, தூத்துக்குடி கடற்கரை மணலில் சிவப்பாகத் தெரிவது கார்னெட். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். ஆனா, கடற்கரையில் இருப்பது பொடி மணல். நகைக்கு ஆகாது, தேய்ப்புப் பொருளாகத்தான் பயன்படும். அந்த மணலை அள்ளவும் 2013-ல் தமிழக அரசு தடை விதித்தது.

தமிழ்நாட்டில் நிறக்கல்லுக்குப் பெயர்பெற்றது காங்கயம் – கரூர் வட்டாரம். காங்கயம் அருகே படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்வாமரின் வெட்டி எடுக்கப்பட்டது. நீலக்கல், கனக புஷ்பராகத்துக்கு இலங்கையின் இரத்தினபுரி பிரபலம். நிறக்கல் பட்டை தீட்டுவதில் இந்தியாவின் முக்கிய மையம் ஜெய்ப்பூர்.

எடை எவ்வளவு போகும்?

1 காரட் என்பது 0.2 கிராம். கச்சாக் கல்லைப் பட்டை தீட்டும்போது, பல சமயம் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். அதனால் விலை கச்சாக் கல்லின் எடைக்கா, முடிந்த கல்லின் எடைக்கா என்று முதலிலேயே பேசிவிடுங்க. வெட்டும்போது கல் உடைந்தால் நஷ்டம் யாருக்கு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வெட்டு சரியா? ஒரு சின்ன சோதனை

எடை குறையக் கூடாது என்பதற்காகச் சிலர் கல்லின் அடியைத் தடிமனாக விட்டுவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் கல் சின்னதாகத்தான் தெரியும்; காசு மட்டும் அடி எடைக்கும் சேர்த்துப் போகும். அடிப்பட்டைகள் தட்டையாக இருந்தாலும் சிக்கல்தான். ஒளி திரும்பி வராமல் கீழே இறங்கிவிடும்.

அச்சடித்த காகிதத்தின் மேல் கல்லை நேராக வைத்துப் பாருங்க. நடுவில் எழுத்தைப் படிக்க முடிந்தால், ஒளி கீழே ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைத் திரும்ப வெட்டிச் சரிசெய்யலாம். எடை இன்னும் குறையும்.

பெயரை மட்டும் நம்பலாமா?

கனக புஷ்பராகம் என்ற பெயரில் சிட்ரின் விற்கப்படலாம். இரண்டும் மஞ்சள்தான். ஆனா, கனக புஷ்பராகத்தின் ஒப்படர்த்தி சுமார் 4, சிட்ரினுக்கு 2.65. ஒரே அளவு, ஒரே வடிவம் என்றால் சிட்ரின் மூன்றில் ஒரு பங்கு எடை குறைவாக இருக்கும்.

அடுத்து, கல்லுக்குச் செய்த 'வேலை'. நீலக்கல்லைச் சூடாக்கி நிறம் கூட்டுவது உலகம் முழுக்க நடக்கும் வழக்கம். சொல்லி விற்றால் தவறில்லை. மரகதத்தின் விரிசலில் எண்ணெய் ஏற்றுவதும் உண்டு. ஆனா, விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வேறு கதை. நகை செய்யும்போது படும் தீயும் அமிலமும் அந்தக் கண்ணாடியைக் கெடுத்துவிடும். சுத்தமான மாணிக்கத்தின் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது.

பில்லில் என்னென்ன இருக்கணும்?

* கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா
* காரட் எடை, மில்லிமீட்டரில் அளவு
* சூடாக்கியதா, எண்ணெய் அல்லது கண்ணாடி நிரப்பியதா
* கல் பதித்த நகை என்றால், தங்கத்தின் நிகர எடை தனியாக

விலை அதிகமான கல்லுக்கு ஆய்வக அறிக்கை கேளுங்க. ஜெய்ப்பூரில் 1972 முதல் ரத்தினக்கல் பரிசோதனைக் கூடம் இயங்குகிறது. அறிக்கையில் உள்ள எடையும் அளவும் கையில் இருக்கும் கல்லோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்க. அறிக்கை கல் எது என்று சொல்லும். விலை நியாயமா என்று சொல்லாது.

சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். 'கல் – 1' என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டை வைத்து எதையும் நிரூபிப்பது கஷ்டம்.